வன்னியின் ஆறாவது ஆசனம் யாருக்கு? நாடாளுமன்ற ஆசனக் கணிப்பில் கைவைப்பவர்களுக்கு

பேச்சில் வன்னி என்றால் கிளிநொச்சியும் சேர்த்துத்தான். இலங்கைத் தேர்தல் கணக்கில் அப்படியில்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்ற மூன்று தொகுதிகள் மட்டுமே. கிளிநொச்சித் தொகுதி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்கும். மாங்குளத்தில் போடும் வாக்கு வன்னிக்கு, பரந்தனில் போடும் வாக்கு யாழ்ப்பாணத்துக்கு. கிளிநொச்சியில் எந்தக் கட்சிக்கு அலை அடித்தாலும் அது உங்கள் கணக்குக்குள் வராது. இதைக் கவனிக்காமல் பல கணிப்புகள் முதல் வரியிலேயே பிழைத்துப் போகின்றன.

2024 வாக்காளர் இடாப்பின்படி வவுனியாவில் 128,585, மன்னாரில் 90,607, முல்லைத்தீவில் 86,889 என மொத்தம் 306,081 வாக்காளர்கள். ஆசனம் ஆறு. அதே தேர்தலில் 593,187 வாக்காளர்கள் இருந்த யாழ்ப்பாண மாவட்டத்துக்கும் ஆறுதான். மாவட்டங்களிலிருந்து தெரிவாகும் 196 ஆசனங்களில் 160 வாக்காளர் தொகைப்படி பிரிகின்றன. மீதி 36 மாகாணத்துக்கு நான்காகக் கொடுக்கப்படுகின்றன. வட மாகாணத்தின் அந்த நான்கும் இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்தான் பகிரப்படுகின்றன. அதனால்தான் வன்னியில் ஓர் ஆசனத்துக்கு வேண்டிய வாக்கு குறைவு, சிறிய கட்சியும் உள்ளே வர முடிகிறது. கணிப்பைக் கடினமாக்குவதும் அதுதான்.

முதற்படி: பங்கீட்டை ஒருமுறை கையால் செய்து பாருங்கள்

எக்செல்லைத் திறப்பதற்கு முன்னர் ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் போதும். 2020 ஓகஸ்ட் தேர்தலை எடுத்துக்கொள்வோம். வன்னியில் செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 207,800. வெட்டுப்புள்ளி அதில் 5 வீதம், அதாவது ஏறத்தாழ 10,390. இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் நான்கே பேர்: வீடு (தமிழரசுக் கட்சி) 69,916, மொட்டு (பொதுஜன பெரமுன) 42,524, தொலைபேசி (ஐக்கிய மக்கள் சக்தி) 37,883, வீணை (ஈ.பி.டி.பி.) 11,310. கட்சிகளை அவற்றின் சின்னத்தாலேயே குறிக்கிறேன்.

கோட்டுக்குக் கீழே நின்ற கட்சிகளையும் சுயேச்சைக் குழுக்களையும் அவர்களுடைய வாக்குகளோடு சேர்த்து வெட்டிவிட வேண்டும். இனி அந்த வாக்குகளுக்குக் கணக்கில் இடமில்லை. மிஞ்சிய நான்கையும் கூட்டினால் 161,633.

முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். வீட்டுக்கு ஒன்று எழுதுங்கள். மிகுதி ஐந்து.

161,633ஐ ஐந்தால் பிரித்தால் 32,326.6. பின்னம் வந்தால் எப்போதும் மேலே ஏற்ற வேண்டும், ஆகவே 32,327. இதுதான் பங்கு எண். .1 வந்தாலும் மேலேதான். எக்செல்லில் சாதாரண ‘ரவுண்ட்’ கட்டளை போட்டால் அரைக்குக் கீழே உள்ளதைக் கீழே இறக்கிவிடும். ‘ரவுண்ட்அப்’ போடுங்கள்.

இப்போது ஒவ்வொரு கட்சியின் வாக்கிலும் 32,327 எத்தனை முறை முழுதாகப் போகிறது என்று பாருங்கள். வீட்டுக்கு இரண்டு முறை, மிச்சம் 5,262. மொட்டுக்கு ஒருமுறை, மிச்சம் 10,197. தொலைபேசிக்கு ஒருமுறை, மிச்சம் 5,556. வீணைக்கு ஒன்றுமில்லை, ஆனால் வைத்திருந்த 11,310ம் அப்படியே மிச்சமாக நிற்கிறது. முழு ஆசனம் நான்கு போய்விட்டது. ஐந்தாவது, மிச்சம் கூடியவருக்கு. மொட்டின் 10,197ஐ வீணையின் 11,310 வெல்கிறது. வித்தியாசம் 1,113 வாக்கு.

முடிவு: வீடு 3, மொட்டு 1, தொலைபேசி 1, வீணை 1. அன்று அறிவிக்கப்பட்டதும் இதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். வீணைக்கு ஒரு ஆயிரம் வாக்குக் குறைந்து 5 வீதத்துக்குக் கீழே போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? 11,310ம் கணக்கிலிருந்து போய்விடும். கூட்டுத்தொகை 150,323 ஆகும், பங்கு எண் 30,065க்கு இறங்கும், மொட்டின் மிச்சம் 12,459க்கு ஏறும். வீடு 3, மொட்டு 2, தொலைபேசி 1. மொட்டுக்கு ஒரு வாக்குக்கூடக் கூடாமல் ஓர் ஆசனம் கூடியிருக்கும். ‘யாருக்கு எத்தனை வாக்கு’ என்பதை மட்டும் கணித்துவிட்டு வீதாசாரப்படி ஆறைப் பங்கிடுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். வன்னியில் கணிக்க வேண்டியவை மூன்றே விடயங்கள்: முதலாவது யார், கோட்டைத் தாண்டுவது யார், கடைசி மிச்சம் யாரிடம்.

பழகுவதற்கு 2015ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். வீடு 89,886, யானை (ஐக்கிய தேசியக் கட்சி) 39,513, வெற்றிலை (ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) 20,965. மற்ற எல்லோரும் வெட்டுண்டவர்கள். வீடு 4, யானை 1, வெற்றிலை 1 என்று வராவிட்டால் எங்கோ ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். பெரும்பாலும் ஐந்தால் பிரிப்பதற்குப் பதிலாக ஆறால் பிரித்திருப்பீர்கள்.

இரண்டாம் படி: வெட்டுண்டு போகும் வாக்கை அளவிடுங்கள்

இதை யாரும் கவனிப்பதில்லை. 2015இல் வன்னியில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன வாக்கு 9 வீதத்துக்கும் குறைவு. 2020இல் 22 வீதம். 2024இல் 28 வீதம், அதாவது 55,000க்கு மேல். அந்த ஆண்டு முதலாவதாக வந்த கட்சி எடுத்தது 39,894. வெட்டுண்டவர்களை ஒரு கட்சியாக எண்ணினால் அவர்கள்தான் வென்றிருப்பார்கள்!

வேட்பாளர் பட்டியல்கள் கூடக்கூட இந்தத் தொகை ஏறும். அது ஏறினால் பங்கு எண் இறங்கும். நான்கில் ஒரு பங்கு வாக்கு வெட்டுண்டால் மிச்சம் 75 வீதம், அதை ஐந்தால் பிரித்தால் 15. ஆகவே செல்லுபடியான வாக்கில் 15 வீதம் எடுத்தவருக்கு ஒரு முழு ஆசனம் நிச்சயம் என்று ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளலாம். 10 வீதம் எடுத்தவருக்குப் பெரும்பாலும் மிச்சத்தில் கிடைக்கும். 5க்கும் 7க்கும் இடையில் நிற்பவரைப் பற்றித்தான் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

வேட்புமனு முடிந்த அன்றே பட்டியல்களை எண்ணுங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் ஆசனத்தோடு மூன்று கூட்டி ஒன்பது பெயர் இருக்கும். எந்தப் பட்டியலில் ஊருக்குத் தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள், எது ஒரு பெரிய கட்சியின் வாக்கைக் கரைப்பதற்காக இறங்கியது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். சுயேச்சைக் குழு ஒன்று 2,000 வாக்கு எடுப்பதும் 4,000 எடுப்பதும் அந்தக் குழுவுக்கு ஒன்றுதான். கோட்டுக்கு அருகே நிற்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

மூன்றாம் படி: அடித்தள வாக்கு

போன தேர்தலின் முடிவை எடுத்து அதிலிருந்து ஏற்றி இறக்குவதுதான் வழி. வன்னிக்கென்று நம்பத்தக்க கருத்துக்கணிப்பு வருமென்று காத்திருக்க வேண்டாம். தேர்தல்கள் ஆணைக்குழு முடிவுகளைத் தொகுதிவாரியாகவும், தபால்மூல வாக்குகளைத் தனி வரியாகவும் வெளியிடுகிறது. வாக்குச்சாவடி வாரியாக வெளிவருவதில்லை. ‘எங்கட பள்ளிக்கூடத்துப் பெட்டியில இவ்வளவு விழுந்தது’ என்று சொல்பவரின் கதையை ரசிக்கலாம், கணக்கில் போடக்கூடாது.

2024 நவம்பர் 14இன் அடித்தளம் இது: திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 39,894, தொலைபேசி 32,232, வீடு 29,711, சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 21,102, கங்காரு (இலங்கைத் தொழிற் கட்சி) 17,710. செல்லுபடியானவை ஏறத்தாழ 195,900. ஐந்தையும் கூட்டினால் 140,649, பங்கு எண் 28,130. திசைகாட்டிக்கும் தொலைபேசிக்கும் வீட்டுக்கும் முழுதாக ஒவ்வொன்று. மிச்சத்தில் சங்கும் கங்காருவும். போனஸ் திசைகாட்டிக்கு. 2, 1, 1, 1, 1.

இந்த எண்களை அடுத்த தேர்தலுக்கு நகர்த்தும்போது சின்னத்தைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். வன்னியில் வாக்கின் ஒரு பெரும் பகுதி வேட்பாளரின் பின்னால் போகிறது. காதர் மஸ்தான் 2015இல் வெற்றிலையில் வென்றார், 2020இல் மொட்டில், 2024இல் கங்காருவில். ரிஷாட் பதியுதீன் யானையிலும் பின்னர் தொலைபேசியிலும். செல்வம் அடைக்கலநாதன் 2015இலும் 2020இலும் வீட்டில் வென்று 2024இல் சங்கில் வென்றார். ‘மொட்டு 2020இல் 42,524 எடுத்தது, நாடு முழுவதும் விழுந்ததுபோல இங்கேயும் விழும்’ என்று 2024க்குக் கணித்தவர், மொட்டின் வாக்கு விழுவதைச் சரியாகச் சொல்லியிருப்பார். அதில் ஒரு பகுதி கங்காருவாக எழும்பி ஓர் ஆசனம் எடுத்ததைத் தவறவிட்டிருப்பார்.

ஜனாதிபதித் தேர்தல் வாக்கை அப்படியே கொண்டுவந்து வைப்பது இதைவிட மோசம். 2024 செப்டம்பர் 21இல் வன்னியில் தொலைபேசியின் சஜித் பிரேமதாச எடுத்தது 95,422, திசைகாட்டியின் அநுர குமார திசாநாயக்க 21,412. எட்டுக் கிழமைகூட ஆகவில்லை, நவம்பரில் தொலைபேசி 32,232க்கு இறங்கியது, திசைகாட்டி 39,894க்கு ஏறி மாவட்டத்தில் முதலாவதாக வந்தது. ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்க் கட்சிகள் கைகாட்டிய இடத்துக்குப் போகும் வாக்கு, நாடாளுமன்றத் தேர்தலில் வீட்டுக்குத் திரும்பிவரும். வென்ற ஜனாதிபதியின் கட்சிப் பக்கம் இன்னொரு பகுதி சாயும். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலையும் இதே எச்சரிக்கையோடு தொடுங்கள். அங்கே 60 வீதம் வட்டாரமுறை, பக்கத்து வீட்டுக்காரர்தான் வேட்பாளர். கட்சி எந்தக் கிராமத்தில் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க அது நல்லது. வாக்குத்தொகைக்கு உதவாது.

அடுத்தது எத்தனை பேர் வாக்களிப்பார்கள் என்பது. 2020இல் இடாப்பில் 287,024 பேர், செல்லுபடியானவை ஏறத்தாழ 72 வீதம். 2024இல் இடாப்பு 19,000 பெயரால் கூடியது, செல்லுபடியானவையோ ஏறத்தாழ 12,000 குறைந்து 64 வீதத்துக்கு இறங்கின. வெளிநாடு போனவர்களின் பெயர் இடாப்பில் இருக்கும், ஆள் இருக்காது. பட்டியல் நீளம் என்பதால் நிராகரிக்கப்படும் வாக்கும் கொஞ்சமல்ல. 2024இல் நாடு முழுவதும் 667,240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. ஆகவே 62, 66, 70 என்று மூன்று வீதங்களுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். மன்னாருக்குத் தனியாக ஒரு குறிப்பு வேண்டும்: 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பங்களில் மன்னார் இடாப்பில் பெயர் வைத்திருப்பவர்கள் வந்து வாக்களிக்கிறார்களா இல்லையா என்பது அங்கே ஒரு கட்சியின் வாக்கை நேரடியாகத் தொடும்.

நான்காம் படி: ஒற்றை எண்ணில் நிற்காதீர்கள்

ஒவ்வொரு கட்சிக்கும் நடு எண் ஒன்றும், அதற்கு மேலும் கீழும் எவ்வளவு தவறலாம் என்ற எண்ணும் எழுதுங்கள். புதியவருக்கு நடு எண்ணில் ஆறில் ஒரு பங்கு நல்ல அளவு: 30,000 என்றால் 5,000 கூட்டியும் குறைத்தும். பின்னர் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியை எடுத்துச் சுண்டுங்கள். தலை விழுந்தால் கூட்டுங்கள், பூ விழுந்தால் கழியுங்கள். எல்லாக் கட்சிக்கும் சுண்டி முடிந்ததும் பங்கீட்டைச் செய்து ஆசனத்தை எழுதுங்கள். இருபது முறை. ஒரு மாலைப்பொழுது போகும், எக்செல் தெரிந்தவருக்குப் பத்து நிமிடம்.

ஒரு கவனம். வீடும் சங்கும் ஒரே குளத்தில் மீன் பிடிப்பவை. வீட்டுக்குத் தலை விழுந்தால் சங்குக்குச் சுண்டாமலே பூ என்று எழுதுங்கள். இரண்டுக்கும் தனித்தனியாகச் சுண்டினால், இரண்டும் சேர்ந்து ஏறும் நடக்காத உலகங்கள் உங்கள் தாளில் நிறைந்துவிடும்.

இருபது தாளையும் பரப்பிப் பார்த்தால் ஒன்று தெரியும். நான்கு ஆசனங்கள் பெரும்பாலும் அசையாது. 2024 எண்களில் வீட்டிலிருந்து 2,500 வாக்கைச் சங்குக்கு மாற்றிப் பாருங்கள்: வீடு முழுப் பங்கை இழக்கும், ஆனால் மிச்சத்தில் அதே ஆசனத்தைத் திரும்ப எடுக்கும். ஒன்றுமே மாறாது. அதே எண்களில் திசைகாட்டியிலிருந்து 3,832 பேர் தொலைபேசிக்கு மாறியிருந்தால் போனஸ் கைமாறி, தொலைபேசி 2, திசைகாட்டி 1. ஊரெல்லாம் விவாதிக்கும் வீடு-சங்கு இழுபறியைவிட, யாரும் பேசாத முதலிடப் போட்டிதான் அங்கே ஆசனத்தை ஆட்டியிருக்கும்.

இன்னொரு பொறி. ‘கங்காருவின் மிச்சம் 17,710, அடுத்த மிச்சம் திசைகாட்டியின் 11,764, ஆகவே கங்காருவுக்கு 11,765 போதும்’ என்று ஒருவர் சொல்வார். பிழை. கங்காருவின் வாக்கு இறங்கும்போது கூட்டுத்தொகையும் இறங்கும், பங்கு எண்ணும் இறங்கும், திசைகாட்டியின் மிச்சம் ஏறும். இழந்த வாக்கு வெட்டுண்டவர்களிடம் போகிறது என்று வைத்து முழுக் கணக்கையும் மறுபடி போட்டால் இரண்டும் சந்திக்கும் இடம் ஏறத்தாழ 12,750. ஒரு எண்ணை மாற்றினால் மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

‘தமிழ்க் கட்சிகள் ஒன்றாக நின்றிருந்தால்’ என்ற கேள்விக்கும் இதே தாள்தான். வீட்டையும் சங்கையும் கூட்டினால் 50,813. முதலிடமும் போனஸும் அந்தப் பக்கம் வரும், முழுதாக ஒன்று, மிச்சம் 22,683இல் இன்னொன்று. மொத்தம் 3, தனித்தனியாக 2. திசைகாட்டி 1 ஆகும். ஒன்றாக நின்றால் இரண்டு பக்கத்து வாக்கும் சிந்தாமல் வந்து சேருமா என்பது கல்குலேட்டருக்குத் தெரியாது.

கணக்கில் ஏற்றக்கூடாதவை

கூட்டத்துக்கு வந்த பஸ்களின் எண்ணிக்கை, முகநூல் விருப்பங்கள், தபால்மூல வாக்கு மட்டும். கடைசியாகச் சொன்னது அரச உத்தியோகத்தர்களின் வாக்கு, வலைஞர்மடத்து மீனவருக்கும் செட்டிகுளத்து விவசாயிக்கும் அது பேசாது. விருப்பு வாக்குகளைக் கூட்டிக் கட்சி வாக்காக்குவதும் அடிக்கடி நடக்கிறது. ஒருவர் மூன்று விருப்புவரை இடலாம், ஒன்றும் இடாமலும் விடலாம். விருப்பு வாக்கு, கிடைத்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதற்கு மட்டும்.

முழு நாட்டுக்கும் போக விரும்பினால்

இதே தாளை 22 மாவட்டங்களுக்கும் போட வேண்டும். ஆசனத்தில் ஒன்றைக் கழித்துப் பிரிப்பது எல்லா இடத்துக்கும் பொது. கம்பஹாவின் 19இல் போனஸ் பெரிதாகத் தெரியாது. திருகோணமலையின் 4இல் அது கால்வாசி. 2024இல் தேசிய மக்கள் சக்தி 22இல் 21 போனஸை எடுத்தது, மட்டக்களப்பு மட்டும் வீட்டுக்குப் போனது. 61.56 வீத வாக்கு 159 ஆசனமாகி, 225இல் 70 வீதத்தைத் தாண்டியதற்கு இந்தப் போனஸ்களும் வெட்டுண்ட வாக்குகளும்தான் காரணம்.

பிறகு மாவட்டங்களுக்கு வெளியே உள்ள தேசியப் பட்டியலின் 29 ஆசனங்கள். இங்கே போனஸ் இல்லை, 5 வீதக் கோடும் இல்லை. நாடளாவிய செல்லுபடியான வாக்கை 29ஆல் பிரியுங்கள், 2024இல் ஏறத்தாழ 384,400. முழுப் பங்கு 23 போக மிச்சத்தில் ஆறு. அதில் கடைசியாக நுழைந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு நாடு முழுவதும் இருந்தது 87,038 வாக்குத்தான். வீட்டின் 257,813க்கு ஒன்று. வன்னியில் ஆசனம் கிடைக்காத வாக்கும் இந்தக் கூட்டலில் சேரும் என்பதால் மாவட்டத் தாளில் வெட்டியவர்களின் எண்களை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

எண்ணும் இரவில்

தபால்மூல வாக்கும் மூன்று தொகுதிகளும் ஒரே நேரத்தில் வராது. முதலில் எது வருகிறதோ அதை 2024இன் அதே தொகுதியோடு மட்டும் ஒப்பிடுங்கள், மாவட்ட மொத்தத்தோடு அல்ல. மன்னார் முதலில் வந்தால் அங்கே பலமான கட்சி மாவட்டத்தையே பிடித்ததுபோலத் தெரியும். வவுனியா வரும்வரை இடாப்பில் 42 வீதம் வெளியே நிற்கிறது, சிங்களக் கிராமங்களைக் கொண்ட வவுனியா தெற்கும் அதற்குள்தான். மூன்றில் இரண்டு தொகுதி வந்ததும் தாளில் ஒரு வரி எழுதுங்கள்: கோட்டுக்கு அருகே நிற்கும் கட்சிக்குக் கடைசித் தொகுதியில் எத்தனை வாக்கு வேண்டும். 2020 போன்ற நிலைமையில் கோட்டுக்கும் அந்தக் கட்சிக்கும் இடையில் ஆயிரம் வாக்குக்கூட இருக்காது. அப்போது ‘ஆறாவது இன்னும் தெரியாது’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஒன்று போட்டுக் குடியுங்கள். மறுகூட்டல் முடிந்து தெரிவத்தாட்சி அலுவலர் கையெழுத்திடும்வரை அது யாருக்கும் தெரியாது.